கூட்டுக்குள் இருக்கும் காசை எவ்வளவு நம்பலாம்? கிரேடிங் நாணயம் வாங்க வருவோருக்கு

கிரேடிங் என்பது ஒரு நிறுவனம் காசைச் சோதித்து, தரம் குறித்து, பிளாஸ்டிக் கூட்டில் மூடித் தருவது. ஸ்லாப் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அந்தத் தெளிவான கூடு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. காசு அசல். அதன் தரம் இது. சோதித்து மூடிய பிறகு யாரும் கை வைக்கவில்லை. மூன்றையும் ஒரே கூடு சொல்வதால் மூன்றையும் ஒரே அளவு நம்பலாம் என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், நல்ல நிறுவனம் என்றால் முதலாவதைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது, பழகிய கண்கள் சேர்ந்து சொன்ன கருத்து. மூன்றாவதைச் சோதிப்பது வாங்குகிறவர் வேலை. ஏமாற்று பெரும்பாலும் நடப்பது இந்த மூன்றாவதில்தான்.

கூடு ஏன் வந்தது என்று தெரிந்தால் அது எங்கே தோற்கும் என்பதும் புரியும். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972ல் அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும் சேவையைத் தொடங்கியது. 1979ல் தரத்தையும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தது. அனுப்பியவருக்குத் திரும்பி வந்தது காசும், படம் ஒட்டிய ஒரு சான்றிதழும். காகிதம் தனி, காசு தனி. நல்ல காசின் காகிதத்தோடு அதே ஆண்டின் சுமாரான காசைச் சேர்த்து விற்பவனைத் தடுக்க அதில் வழி இல்லை. 1986ல் கலிபோர்னியாவில் பிசிஜிஎஸ் நிறுவனமும், 1987ல் என்ஜிசி நிறுவனமும் (இப்போது புளோரிடாவில்) காகிதத்தையும் காசையும் ஒன்றாகப் பூட்டின. கூட்டின் இரு பாதிகளையும் ஒலி அதிர்வால் உருக்கி ஒட்டுகிறார்கள். பசை கிடையாது. ஓரத்தில் உள்ள சிறு வரப்பு அதிர்வின் சூட்டில் உருகி இரண்டு பாதிகளும் ஒரே துண்டாகிவிடுகின்றன. பிறகு திறக்க வேண்டுமென்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும்; உடைத்தால் தடம் தெரியும்.

கள்ளக் காசு செய்பவர்களுக்குக் கிடைத்த பதில் எளிது: கூட்டையே போலியாகச் செய்துவிடுவது. 2008 வாக்கில் இரண்டு நிறுவனங்களின் கூடுகளுக்கும் போலிகள் சந்தைக்கு வந்துவிட்டன.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது

நாடு, ஆண்டு, மதிப்பு, தரம், சான்று எண். தரம் 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலில் வரும். அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949ல் வகுத்தது. பிறகு எல்லாக் காசுக்கும் பரவிவிட்டது. 60 முதல் 70 வரை எம்எஸ் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. 50, 53, 55, 58 ஆகியவை ஏயூ, அதாவது மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்தவை. 40, 45 எக்ஸ்எஃப், இன்னும் கொஞ்சம் தேய்ந்தவை. 20 முதல் 35 வரை விஎஃப், அதைவிடத் தேய்ந்தவை. சேகரிப்பாளருக்காகத் தனியாக அடித்த புரூப் காசை என்ஜிசி பிஎஃப் என்றும் பிசிஜிஎஸ் பிஆர் என்றும் குறிக்கும்.

எண்ணுக்குப் பதில் 'டீடெயில்ஸ்' என்று இருந்தால் கவனியுங்கள். காசு அசல்தான், ஆனால் கைவேலையாலோ சூழலாலோ கெட்டிருக்கிறது என்று பொருள். பிசிஜிஎஸ் இதற்குக் குறியீட்டு எண் தருகிறது: 91 என்றால் நிறம் சந்தேகத்துக்குரியது, 92 தேய்த்துச் சுத்தம் செய்தது, 94 மேற்பரப்பில் கைவேலை, 95 கீறல், 97 ஈரம், ரசாயனம் போன்ற சூழல் பாதிப்பு, 98 சேதம். 'ஏயூ டீடெயில்ஸ்' காசை 'ஏயூ' விலைக்குக் காட்டுவது சந்தையில் பழைய தந்திரம். விளம்பரப் படத்தில் லேபிளின் கீழ் வரி வெட்டப்பட்டிருந்தால் முழுப் படம் கேளுங்கள்.

பிரிட்டிஷ் இந்தியக் காசுகளில் 'ரீஸ்ட்ரைக்' என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். கல்கத்தா, பம்பாய் தங்கசாலைகள் பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளருக்காகப் பின்னாளில் அடித்துக் கொடுத்த புரூப்கள் இவை. போலி அல்ல, ஆனால் மூல அச்சின் விலையும் அல்ல.

வாங்கும் முன் சோதிக்கும் வரிசை

முதலில் எண். நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து சான்று எண்ணைப் போடுங்கள், அல்லது அவர்களுடைய செயலியைப் பயன்படுத்துங்கள். கூட்டின் மேல் உள்ள கியூஆர் கட்டத்தை நேராக ஸ்கேன் செய்து வரும் பக்கத்தை நம்ப வேண்டாம். போலிக் கூட்டில் இருக்கும் கட்டம், அச்சு அசலாக அதே தோற்றத்தில் செய்த வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகலாம். பிசிஜிஎஸ் அண்மைக் காலக் கூடுகளில் கைபேசியால் தட்டிப் படிக்கும் என்எஃப்சி சிப் வைக்கிறது. அதையும் அவர்களுடைய செயலி வழியாகவே படியுங்கள். பழைய கூட்டில் சிப் இல்லை என்பது குற்றமல்ல.

எண் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதி அடையும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போலிக் கூடு செய்பவர் எண்ணைக் கற்பனை செய்வதில்லை. ஏலப் படத்திலிருந்து உண்மையான எண்ணை எடுத்து, அதே ஆண்டு, அதே வகை, அதே தரத்தோடு அச்சடிக்கிறார். ஆகவே தளத்தில் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். அந்த எண் ஒரு காசுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். அந்தக் காசு இதுதான் என்பதைக் காட்டாது.

இரண்டாவது படி, படம். சான்றுப் பக்கத்தில் காசின் படம் இருந்தால் பெரிதாக்கி, அந்தக் காசுக்கே உரிய மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். கன்னத்தில் ஒரு வெட்டு, விளிம்பருகே ஒரு கறை, எழுத்துக்கு நடுவே ஒரு கோடு. தேய்மானத்தையும் பொதுவான நிறத்தையும் அடையாளமாக எடுக்காதீர்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். மூன்றும் கையில் உள்ள காசில் அதே இடத்தில் இருக்க வேண்டும். படத்தில் உள்ள வெட்டுக் காசில் இல்லை என்றால் பேச்சே வேண்டாம். உலோகத்தில் விழுந்த வெட்டு தானாக மறையாது. காசில் புதிதாகக் கறை கூடியிருந்தால் அது கூட்டுக்குள்ளேயே வந்திருக்கலாம். படம் இல்லாத பழைய சான்று என்றால், எண்ணைக் கொண்டு ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பதிவுகளில் தேடுங்கள். ஒரே எண் இரண்டு வெவ்வேறு காசுகளோடு தென்பட்டால் இரண்டில் ஒன்றாவது போலி. எங்கேயும் படம் கிடைக்கவில்லை, விலையோ பெரியது என்றால் நேரில் பார்க்காமல் வாங்குவதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, கூட்டின் உடல். இங்கே இரண்டு வகை மோசடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று முழுப் போலிக் கூடு. இன்னொன்று, அசல் கூட்டைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு சுமாரான காசை வைத்து மூடுவது. இரண்டாவது வகைக்கு எண், லேபிள், ஹோலோகிராம் எல்லாம் அசலாகவே இருக்கும்.

மேசை விளக்கின் முன் கூட்டைச் சாய்த்து, நான்கு ஓரங்களையும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைலென்ஸில் சுற்றி வாருங்கள். அசல் இணைப்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் வெண்மையாகப் பூத்திருப்பது, மூலையில் கத்தி நுழைத்த நெம்பல் தடம், இணைப்பில் பசை கசிந்து உறைந்த மங்கல், நகத்தால் தடவினால் இரு பாதிகள் படி போல ஏறி இறங்குவது ஆகியவை திறந்ததற்கான அறிகுறிகள். காசைப் பிடிக்கும் உள்வளையத்தையும் பாருங்கள். காசு தளர்ந்து ஆடினாலோ, வளையம் காசைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ கேள்வி எழ வேண்டும். 1980களின் பிற்பகுதியில் வந்த பிசிஜிஎஸ் கூடுகளில் காசு கலகலவென்று ஆடும், அதனால் 'ராட்லர்' என்றே பெயர். அதற்கு இது பொருந்தாது. வெளிப்புறக் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். பல கை மாறிய கூடு கீறித்தான் இருக்கும். பழைய லேபிளும் பளபளக்கும் புத்தம் புதுக் கூடும் சேர்ந்து வருவதுதான் யோசிக்க வைக்க வேண்டும்.

லேபிளின் அச்சை, அதே காலத்து உறுதியான அசல் கூடு ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எழுத்துருவின் தடிப்பு, வரி இடைவெளி, பார்கோடின் கூர்மை ஆகியவற்றில்தான் போலிகள் சறுக்குகின்றன. இரு நிறுவனங்களும் பல முறை லேபிளை மாற்றியிருப்பதால், 2005ன் கூட்டை இன்றைய கூட்டோடு ஒப்பிட்டு முடிவுக்கு வர முடியாது.

நான்காவது, காசு. கூட்டுக்குள் இருக்கும் காசை எடைபோட முடியாது. ஆனால் காந்தம் பிளாஸ்டிக்கைத் தாண்டியும் வேலை செய்யும். வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றை வெள்ளி ரூபாயின் மேல் கொண்டுபோனால் இழுவை இருக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே இரும்பு. இழுக்காவிட்டால் அசல் என்றாகிவிடாது, ஏனென்றால் பித்தளையையும் காந்தம் இழுக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆறாம் ஜார்ஜின் 1939 பம்பாய் வெள்ளி ரூபாய் கிடைப்பது அரிது. 1938 ரூபாய் எளிதில் கிடைக்கும். இரண்டும் ஒரே உலோகம், ஒரே எடை. எனவே கடைசி இலக்கமான 8ஐ 9 ஆக்கும் ஆசை யாருக்கும் வரும். இதைப் பிடிக்கக் காசே உதவுகிறது: 1939ல் 9 இரண்டு முறை வருகிறது. இரண்டாவது 9ன் வளைவும் உயரமும் முதல் 9ஐப் போல இருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள தளம் சுரண்டியது போல மழுங்கியிருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் அசல் கூட்டில் இந்தத் தில்லுமுல்லு நுழைவது கடினம். போலிக் கூட்டில் வந்து உட்காருவது இப்படிப்பட்ட காசுதான்.

தெரியாத நிறுவனத்தின் கூட்டில் வந்தால்? பிளாஸ்டிக் கூடும் லேபிள் பிரிண்டரும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மூன்று கேள்வி கேளுங்கள். தரம் தவறென்றால் பணம் தரும் உத்தரவாதம் எழுத்தில் உண்டா? சான்று எண்ணைப் படத்தோடு பார்க்க முடியுமா? அந்த நிறுவனத்தை நடத்துபவரே காசும் விற்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அந்த லேபிளுக்குத் தனியாக ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். காசை வெறும் காசாக மதிப்பிடுங்கள்.

உத்தரவாதம் எதுவரை

பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் தங்கள் கூட்டில் உள்ள காசு போலியென்றோ தரம் கூட்டிப் போடப்பட்டதென்றோ தெரியவந்தால் ஈடு தருகின்றன, நிபந்தனைகளோடு. கூடு உடையாமல் இருக்க வேண்டும். உடைத்து எடுத்தால் உத்தரவாதமும் போயிற்று. லேபிளில் ஆண்டு தவறாக அச்சானது போன்ற எழுத்துப் பிழைகள் இதில் சேராது. செப்புக் காசின் நிறம் கூட்டுக்குள்ளும் மாறும் என்பதால் அதற்கான பொறுப்பு மிகக் குறைவு. போலிக் கூட்டுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் அது அவர்களுடையதே அல்ல. விற்றவரிடம்தான் போக வேண்டும். ஆகவே பில்லில் சான்று எண்ணை எழுதி வாங்குவது கட்டாயம்.

தரம் கருத்துதான் என்பதற்கு வியாபாரிகளின் பழக்கமே சாட்சி. 64 வாங்கிய காசைக் கூட்டை உடைத்து எடுத்து, 65 வரும் என்று மறுபடி அனுப்புவார்கள். பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதே காசு நிறுவனத்தின் எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டாக நிற்கும். 'இந்தத் தரத்தில் உலகில் ஏழுதான்' என்ற விளம்பரத்தை அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். இதே காரணத்தால்தான், ஏற்கெனவே தரமிட்ட காசுகளை மறுபடி பார்த்து, அந்தத் தரத்துக்குத் தகுதியானவற்றுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் சிஏசி என்ற நிறுவனம் 2007ல் வந்தது. அதைத் தொடங்கியவர் ஜான் அல்பனீஸ். என்ஜிசியைத் தொடங்கியவரும் அவரே.

வீட்டில் இருக்கும் காசை அனுப்பலாமா

கிரேடிங்குக்கு வெளிநாடு அனுப்புவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, இந்தியாவில் நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. 'விற்கவா போகிறேன், கிரேடிங்குக்குத்தானே' என்ற வாதம் சுங்கத்தில் எடுபடாது. தண்டனை குறைந்தது ஆறு மாதம், மூன்று ஆண்டு வரை போகலாம். நடைமுறையில் இதன் பொருள்: விக்டோரியா, எட்வர்ட் ரூபாய்கள் எதையும் அனுப்ப முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1911 முதல் 1922 வரை. அவையும் எல்லாமே நூறைத் தாண்டிவிட்டன. மன்னரின் உடையில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த ஆண்டே அச்சை மாற்ற வைத்த 1911 'பன்றி ரூபாய்' உட்பட. ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1938ல் தொடங்குவதால் இப்போதைக்கு அனுப்பலாம். எல்லைக்கோடு ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, அனுப்பத் தகுதி உண்டா என்ற கேள்வி. கட்டணம், காப்பீடு, இரு பக்கத் தபால் எல்லாம் சேர்ந்து சாதாரணக் காசின் விலையைத் தாண்டிவிடும். நம் வீடுகளில் கிடைக்கும் வெள்ளி ரூபாய்களில் பெரும்பாலானவை டீடெயில்ஸ்தான் வாங்கும். காரணம் நாமேதான். புளி, திருநீறு, பல்பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேற்பரப்பில் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் விழும். ஒரே விளக்கின் கீழ் காசை மெல்லச் சுழற்றினால் அவை மின்னும். அசல் பளபளப்பு காசைச் சுழற்றும்போது ஒளிக்கீற்றாகச் சுற்றிவரும். தேய்த்த காசில் மினுக்கம் அசையாமல் நிற்கும். காசுமாலையிலிருந்து எடுத்தது என்றால் விளிம்பில், பெரும்பாலும் தலைக்கு மேலே, கண்ணியைப் பற்றவைத்து அரத்தால் ராவிய தடம் இருக்கும். சராப்புகள் என்ற அக்கால நாணய மாற்று வியாபாரிகள் வெள்ளியைச் சோதிக்க அடித்த சிறு முத்திரைகளும் உண்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்ப வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. மிக அரிய காசு மட்டும் விதிவிலக்கு.

அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க 0.01 கிராம் காட்டும் தராசு போதும். 1939 வரையிலான வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 30.5 மில்லிமீட்டர், 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் எடை அதே, வெள்ளி 50 சதவீதம். இரண்டையும் தண்ணீர் பிரித்துக் காட்டும். காய்ச்சி வடித்த நீர் உள்ள சிறு கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள்; குமிழி இருந்தால் கணக்கு பிழைக்கும். பழைய உயர் வெள்ளி ரூபாய்க்குத் தராசு ஏறக்குறைய 1.13 காட்டும், 50 சதவீதத்துக்கு 1.22. முலாம் பூசிய பித்தளை அதே எடையில் இருந்தால் 1.37ஐ ஒட்டி வரும். தேய்ந்து எடை குறைந்த காசென்றால், அதன் எடையை, நீரில் தராசு காட்டிய எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 10.3 வந்தால் உயர் வெள்ளி, 9.5 வந்தால் பாதி வெள்ளி. பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

1818 என்ற ஆண்டோடும் ராமர் பட்டாபிஷேகத்தோடும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் போட்டு வரும் காசுகளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததில்லை. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கு லட்சம் தருவதாகவும், அதற்கு முன்பணம் கட்டச் சொல்லியும் வரும் அழைப்புகளும் அதே ரகம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது.

அனுப்புவதென்று முடிவானால், இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது உங்கள் காசுதான் என்று காட்ட இவை வேண்டும். ஒரு காசுக்கு ஓர் உறை, அது பிவிசி இல்லாத மைலார் உறையாக இருக்கட்டும். ஸ்டேப்பிள் அடித்த அட்டை வேண்டாம்; பிரிக்கும்போது கம்பி கீறிவிடும். மதிப்பைக் குறைத்து எழுதினால் காப்பீடும் அந்த அளவுக்குத்தான் வரும். உள்ளே போனதும் உங்கள் பெயர் காசோடு போகாது, எண் மட்டும் போகும். மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே பார்த்துச் சொன்னதை வைத்து இறுதித் தரம் முடிவாகும். அதன் பிறகே கூடு.

கூட்டை வைத்திருக்கும் விதம்

கூடு காற்றுப் புகாததும் அல்ல, நீர் புகாததும் அல்ல. கடற்கரை ஊர்களின் ஈரத்தில் வெள்ளி கூட்டுக்குள்ளேயே கறுக்கும், செம்பில் புள்ளி விழும். இறுக மூடும் பெட்டியில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. அது கூடுகளைக் கட்ட ஆகாது. பீரோவில் அந்துருண்டை போடும் வழக்கம் இருந்தால் கூடுகளை அங்கே வைக்க வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கி மங்கலாக்கும். கூட்டைத் துடைக்க அசிட்டோன் கூடவே கூடாது, கூடே கரைந்துவிடும். லேசாக ஈரமான மெல்லிய துணி போதும். இணைப்பின் பக்கம் தண்ணீர் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி லாக்கரில் வைப்பவர்கள் ஒவ்வொரு கூட்டின் இரு பக்கப் படத்தையும் சான்று எண்ணையும் பில்லையும் வேறிடத்தில் வையுங்கள். விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.